வயலில் மிஞ்சியது யாருக்கு?

அறுவடை முடிந்தாலும் வயலில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இயந்திரம் தவறவிட்ட கதிர்கள், வளைந்துபோனதால் கடைக்காரர் ஏற்காத கரட், அளவில் சிறுத்த கிழங்கு என்று எவ்வளவோ மிஞ்சிக் கிடக்கும். சந்தையில் விலை விழுந்தாலோ முழுத் தோட்டமும் அப்படியே நிற்கும். பறிக்கும் கூலிக்கே விற்ற பணம் போதாதபோது விவசாயி என்ன செய்வார்? உழுது மண்ணோடு புரட்டிவிடுவார். பக்கத்து நகரிலோ பிள்ளைகளுக்கு மரக்கறி வாங்க வழியில்லாத தாய்மார்!

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் இரு மெதடிஸ்த போதகர்களின் குடும்பங்கள் 1979இல் தொடங்கிய ‘புனித அந்திரேயா சங்கம்’ இந்த இரண்டையும் இணைக்க முன்வந்தது. சந்தை ஒதுக்கிய உருளைக்கிழங்கை லொறிகளில் ஏற்றி ஏழைகளுக்கு அனுப்பும் வேலையை 1983இல் ஆரம்பித்தார்கள். பின்னர் தொண்டர்களே வயலில் இறங்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் வருவார்கள், ஓய்வுபெற்றவர்களும் வருவார்கள். விவசாயி அனுமதி தந்ததும் ஆட்களைத் திரட்ட வேண்டும். பொறுக்கியது வாடுமுன் உணவு வங்கிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். குனிந்து நிமிரும் முதுகுவலியைவிட இந்த அவசரமே பெரிய சிரமம்.

விவசாயிகளுக்கு வேறொரு பயமும் உண்டு. இலவசமாகக் கொடுத்ததை உண்டு யாருக்காவது நோய் வந்தால் வழக்குப் போடுவார்களே! 1996 ஒக்டோபரில் ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம் இதற்குப் பரிகாரம் தந்தது. பாரதூரமான கவனயீனமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இருந்தாலொழிய, நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர் மீது குற்றமில்லை.

ஆனால் இது வெறும் தர்மம்தானா? பைபிளின் பழைய ஏற்பாடு, வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்கிறது. அல்குர்ஆனோ (6:141) அறுவடை நாளிலேயே அதற்குரிய ஹக்கைக் கொடுத்துவிடப் பணிக்கிறது. ஏழைகள் வருமுன் விடியலிலேயே பறித்துவிடத் திட்டமிட்ட தோட்டக்காரர்கள், தோட்டமே அழிந்து கிடக்கக் கண்ட சம்பவத்தை ‘அல்கலம்’ அத்தியாயத்தில் வாசகர்கள் படித்திருப்பீர்கள்.

இங்கிலாந்திலும் கதிர் பொறுக்குவதை ஏழைப் பெண்கள் தமது உரிமையென்றே நம்பினார்கள். பல கிராமங்களில் மணி அடித்த பிறகே வயலில் இறங்கலாம். கைக்குழந்தைக்காரி பிந்திவிடக் கூடாதல்லவா? 1787இல் சஃபக் பகுதியில் கதிர் பொறுக்கிய மேரி ஹோட்டன் என்ற பெண்ணின் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அப்படியோர் உரிமை பொதுச் சட்டத்தில் இல்லை என்று 1788இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பைக் கேட்டுப் பெண்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் அறுவடை முடிந்ததும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்கள்.