கணினியில் நேரம் தப்பாகக் காட்டுகிறதா?

திருச்சி மன்னார்புரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாகப் பகல் 12.15க்கு. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திருச்சி இருப்பதோ 78.7 பாகையில். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். அது இன்றைய நேரத்துக்கு 9 நிமிடம் பிந்தியது. இப்போது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு நம் நேரத்தைக் காக்கிறது.

உங்கள் மேசைக் கணினியில் இருப்பது அணுக் கடிகாரம் அல்ல. ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுவே ஒரு விநாடி. கணினியை அணைத்த பிறகும் இந்த அதிர்வு நிற்காமல் பார்த்துக்கொள்வது, மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி.

இந்தப் படிகத்துக்கு 25 டிகிரி வெப்பம்தான் தோது. திருச்சி வெயிலில் 40 டிகிரியிலேயே இருந்தால் மாதத்துக்கு 20 விநாடி அளவுக்குப் பிந்திவிடும். ஆகவே சில விநாடி பிசகுவது பழுது அல்ல, இயல்பு. செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் வசதியை இயக்கிவிட்டால் போதும்.

ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் பழைய தேதி காட்டினால், பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சி.ஆர்.2032 என்று அச்சிட்ட பேட்டரியா எனப் பார்த்து, அதே வகையில் புதியது போடுங்கள்.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் வந்தால் பேட்டரிமேல் குற்றமில்லை. நேர மண்டலம் மாறியிருக்கும். விண்டோஸ் பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தாலும் இதே குழப்பம் வரும். விண்டோஸ் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது; லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீரும்.

தேதி தவறினால் வங்கித் தளம்கூட ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுமா என்பதைக் கணினி தன் தேதியை வைத்தே சரிபார்க்கிறது. எனவே இணையம் முரண்டு பிடித்தால், இணைப்பைக் குறை சொல்லும் முன் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள்.