'தமிழ்' எத்தனை எழுத்து? தமிழாசிரியர்களும் கம்ப்யூட்டரும்

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூணுன்னு சொல்லிடும். அதே சொல்லை பைத்தானில் லென் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பாருங்க, 5 என்று வரும்.

காரணம் யூனிகோடு. அதில் 'மி' என்பது இரண்டு துண்டு: 'ம' ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ழ்' என்பதும் இரண்டு: 'ழ' ஒன்று, புள்ளி ஒன்று. இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை, அதோடு அகரம் சேர்ந்தால் 'ழ'. யூனிகோடில் இது தலைகீழ். கோடு எழுதுற நமக்கு இது ஒரு சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். ஆனா 12 உயிர், 18 மெய், மொத்தம் 247 என்று வருஷாவருஷம் சொல்லித் தர்ற ஒரு தமிழாசிரியர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 'இந்த மெஷினுக்கு என் பாடமே தெரியலையே!'

"தமிழ் வாத்தியார்களுக்கு கம்ப்யூட்டர்னாலே அலர்ஜி"னு நாம ஈஸியா சொல்லிடுறோம். வயசு, பயம், பழமைன்னு காரணமும் ரெடியா இருக்கும். 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதைவிடத் தெளிவான ஒரு வழியைக் கொடுத்தார். ஒருத்தர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பாரா என்பது அவர் மனசுல இருக்கிற இரண்டு கேள்விகளைப் பொறுத்தது என்றார். இது என் வேலைக்குப் பயன்படுமா? இதைக் கையாள்றது சுலபமா?

இந்த இரண்டையும் தமிழாசிரியர் இடத்தில் இருந்து கேட்டுப் பாருங்க.

முதலில், பயன். பொதுத்தேர்வில் தமிழ்த்தாளை மாணவர்கள் கையால்தான் எழுதணும். சந்திப்பிழை, ஒற்று மிகும் இடம், ல-ள-ழ வேறுபாடு இதெல்லாம்தான் ஆசிரியரின் அன்றாட வேலை. பிழை திருத்தியோ, 'போய்க்கொண்டிருந்தவர்களையும்' மாதிரி சரியான சொல்லுக்குக் கீழேயே சிவப்புக் கோடு போடும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்குக் கம்ப்யூட்டர் என்றால் முதலில் ஞாபகம் வர்றது எமிஸில் விவரம் ஏற்றும் வேலை. பாடம் அப்புறம்தான்.

அடுத்து, சுலபம். வீட்டில் பாமினி ஃபாண்டில் அடித்த வினாத்தாளை, அந்த ஃபாண்ட் இல்லாத பள்ளிக் கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல்தான். அதுக்கு முன்னாடி ஆளுக்கொரு ஃபாண்ட், ஆளுக்கொரு கீபோர்டு. அந்தக் காலத்தில் கையைச் சுட்டுக்கிட்டவங்க தயங்கினா, அதுக்குப் பேர் அலர்ஜி இல்ல, அனுபவம்.

சரி, இவங்க பாடத்தைத் தெரிஞ்ச கருவி ஒண்ணுகூட இல்லையா? இருக்கு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 கீபோர்டு. இதில் உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்வரிசையில் பெரும்பாலானவை வலது பக்கம். 'அ'வுக்கு மேல் 'ஆ', 'இ'க்கு மேல் 'ஈ', 'உ'வுக்கு மேல் 'ஊ'. அதாவது குறில் கீழே, நெடில் மேலே. 'க' அடிச்சு 'ஆ' அடிச்சா 'கா'. 'ந' அடிச்சு 'த' அடிச்சா, புள்ளி தானா விழுந்து 'ந்த' ஆகும். 'ங்க', 'ஞ்ச', 'ம்ப' எல்லாமே அப்படித்தான். இன எழுத்துப் பாடம் அப்படியே கீபோர்டுக்குள்ள இருக்கு!

'வணக்கம்' அடிக்க தமிழ்99-ல் 6 தட்டு போதும். ஆங்கில உச்சரிப்பு வழியா போனா 8 எழுத்து, நடுவுல 'ண'வுக்கு ஷிஃப்ட் வேற.

என் அத்தை ஒரு தமிழாசிரியை. "ஸ்மார்ட் கிளாஸ் பத்தி என்கிட்ட பேசாதே"ன்னு சொல்ற ஆள். அவங்ககிட்ட இந்த ந-த விஷயத்தைக் காட்டினேன். நாலு தடவை அடிச்சுப் பார்த்துட்டு, "இதை ஆறாம் வகுப்புக்குக் காட்டலாம்டா"ன்னாங்க. அவங்க மனப்பான்மையை நான் மாத்தல. அவங்க கேள்விக்குப் பதில் கிடைச்சது, அவ்வளவுதான்.

இதில் நமக்கென்ன? தமிழ்ப் பாடவேளையில் லேப் பூட்டியே இருந்தாலும், பிள்ளைகள் தமிழில் டைப் பண்ணக் கத்துக்கத்தான் போறாங்க, போன்ல, ஆங்கில எழுத்து வழியா. அங்கே 'பள்ளி'யா 'பல்லி'யான்னு யோசிக்க வேண்டியதில்ல, மேலே முதலில் வர்ற சொல்லைத் தொட்டா போதும். அந்த ஒரு நொடி யோசனையைத்தான் தமிழாசிரியர் வருஷக்கணக்கா பழக்குறார். தமிழ்99-ல் 'ல' ஒரு விசை, 'ள' வேறு விசை. யோசிக்காம அடிக்க முடியாது.

அதனால ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்க ஸ்லைடு செய்யக் கத்துக்கொடுக்கிறதுக்கு முன்னாடி, இதிலிருந்து ஆரம்பிக்கலாம். எஜுகேஷன் ஆப் பண்ற நண்பர்களே, உங்க ஆப்பில் 'தமிழ்' எத்தனை எழுத்துன்னு கேட்டா மூணுன்னு வருதான்னு முதலில் பாருங்க.

விண்டோஸிலும் ஐபோனிலும் தமிழ்99 ஏற்கெனவே இருக்கு, செட்டிங்ஸில் சேர்த்தா போதும். ஒரு வாரம் அடிச்சுப் பார்த்துட்டு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. தமிழ்லதான்! அடுத்த வாரம் சந்திப்போம்.