கிதாருக்கு ஏற்ற பிக்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

சென்ற ஆண்டு விடுதி விழாவில் நான் கிதார் வாசித்தபோது பிக் தந்தியில் மாட்டி மாட்டித் தாளம் தவறியது நண்பர்களுக்கு நினைவிருக்கும். குற்றம் கிதாரிடம் இல்லை. செருப்பு வாங்கும்போது அப்பா சொல்வதுபோல் 'தடித்ததுதான் உழைக்கும்' என்றெண்ணி, 1.5 மி.மீ. பிக் வாங்கியிருந்தேன்.

பிக் என்பது தந்தியை மீட்டும் சிறு தகடு. ஆறு தந்திகளையும் சேர்த்து வருடிப் பாட்டுக்குத் துணை வாசிப்பவருக்கு 0.5 மி.மீ. அளவுள்ள மெல்லிய பிக்கே நல்லது. தந்தியில் பட்டதும் அது வளைந்து வழிவிடும், கை தடைபடாது. ஒவ்வொரு சுரமாக விரைந்து வாசிப்பவருக்கோ அந்த வளைவே பகை. வளைந்தது நிமிர்வதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும்! அவருக்கு 1 மி.மீ.க்குக் குறையாத, கூர்முனை கொண்ட பிக் வேண்டும். நாதமும் கனத்து ஒலிக்கும். இரண்டையும் கலந்து வாசிப்பவர் 0.7 மி.மீ. அளவில் தொடங்கலாம்.

'குயின்' குழுவின் பிரையன் மே ஆறு பென்னி நாணயத்தால் மீட்டுபவர். 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அவரை நம் துறையினர் என்று உரிமை கொண்டாடலாம். ஆனால் நாணயம் சற்றும் வளையாது. புதியவர்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

இவ்வாண்டு விழாவுக்கு மெல்லிய நைலான் பிக் வாங்கிவிட்டேன். பழையது குறிப்பேட்டில் பக்க அடையாளமாக இருக்கிறது. தனிச்சுரம் பழகும் நண்பர் யாரேனும் கேட்டால் தருவேன்.