வாங்குவோரின் பொறுப்பு

ஆடு ஹலாலான முறையில் அறுக்கப்பட்டதா என்று நாம் கேட்கிறோம். அதன் தோல் எவ்வாறு பதனிடப்பட்டது என்று என்றேனும் கேட்டதுண்டா?

தோலில் பூஞ்சை படராதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் நச்சுப் பொருளை 1989-இல் ஜெர்மனி தடை செய்தது. அது கலவாத தோலையே அந்நாட்டார் கேட்டனர். தமிழகத்துத் தோல் ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் அதனைக் கைவிட்டன. வாங்குபவரின் சொல்லுக்கு எத்துணை வலிமை பாருங்கள்! ஆயினும், அச்சொல் அணிபவரைக் காக்க எழுந்ததேயன்றிப் பாலாற்றைக் காக்க எழவில்லை.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டது என்றும் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கூறுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்று ஆலைகளுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. தோலை வாங்கிச் சென்றவர்களுக்கோ ஒன்றும் விதிக்கப்படவில்லை.

தமக்கு நிறைய அளந்து வாங்கிப் பிறர்க்குக் குறைத்து அளப்போரைத் திருமறையின் 83-ஆம் அத்தியாயம் கடிந்துரைக்கிறது. பொருளை முழுமையாகப் பெற்றுக்கொண்டு, அதனை ஆக்கித் தந்த ஊரின் நீரையும் நிலத்தையும் குறையாக விட்டுச் செல்வதும் அளவைக் குறைவன்றோ?

வணிகச் சகோதரர்களே! தரம், விலை, தவணை ஆகிய மூன்றோடு, "கழிவுநீர் எங்கே செல்கிறது?" என்னும் நான்காவது வினாவையும் கொள்முதல் ஆணையில் எழுதுங்கள். சுத்திகரிக்கும் செலவையும் விலையில் சேர்த்துக் கொடுங்கள். கடையில் காலணி வாங்கும் நாமும், மலிவு ஒன்றையே நாடாமல், அவ்வினாவைக் கேட்கப் பழகுவோமாக!