அலமாரிக் கதவும் மறைவுக் கீலும்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, ஓர் அலமாரி செய்து கொள்வது மரத்தையும் இரும்பையும் பற்றிய காரியம் மட்டுமன்று. மொழியைப் பற்றிய காரியமும் ஆகும். ஊரில் ஆசாரியிடம் ‘இரண்டு நூல் தள்ளி வையுங்கள்’ என்று சொன்னால் போதும். தில்லியில் மிஸ்திரி ‘சூத்’ என்று கணக்கிடுகிறார். அந்தச் சொல்லுக்கும் நூல் என்பதே பொருள். அளவும் அதுவே, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாம் கீல் என்பதை அவர் ‘கப்ஜா’ என்கிறார். இவ்வளவு தெரிந்த பின்னரும் தவறு நேரக் கூடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கே நேர்ந்தது.

மூன்று கதவுகள் கொண்ட ஓர் அலமாரி செய்வித்தேன். கதவின் உயரம் 1,800 மி.மீ. இடப்பக்கம் இரட்டைக் கதவு, வலப்பக்கம் ஒற்றைக் கதவு, இரண்டு அறைகளுக்கும் இடையே ஒரு நடுத்தடுப்பு. கீல் வாங்கக் கடைக்குப் புறப்பட்டபோது மிஸ்திரி, ‘கதவுக்கு நான்கு, நடுக்கதவுக்கு ஆதா’ என்றார். ஆதா என்றால் பாதி. ஆகவே மற்ற இரண்டு கதவுகளுக்கு நான்கு நான்காகவும், நடுக்கதவுக்கு இரண்டாகவும், ஒரே வகையில் பத்துக் கீல்கள் வாங்கி வந்தேன். ‘இவை பொருந்தா’ என்று அவர் சொன்னார். வேலையைத் தள்ளிப் போடுவதற்குக் காரணம் சொல்லுகிறார் என்று நினைத்து, மாட்டும்படி வற்புறுத்தினேன். நடுக்கதவு பக்கத்துக் கதவின் மீது ஏறி நின்றது. அன்றைய கூலியை நிறுத்தி வைத்தேன்.

அவர் சொன்ன பாதி எண்ணிக்கையில் பாதியன்று. அது என்ன பாதி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைவுக் கீல் என்பது, கதவை மூடினால் வெளியே தெரியாத கீல். கடைகளில் இதை ‘ஆட்டோ ஹிஞ்ச்’ என்றும் சொல்லுவார்கள். இதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. கதவின் உட்புறத்தில் தோண்டிய வட்டக் குழியில் பதிந்து நிற்கும் கிண்ணம் ஒன்று. அதிலிருந்து நீளும் கை ஒன்று. அந்தக் கையைத் தாங்குவதற்காக அலமாரியின் பக்கப் பலகையில் திருகப்படும் தகடு ஒன்று. பழைய கீல் ஓர் அச்சில் மட்டுமே சுழலும். மறைவுக் கீலிலோ பல இணைப்புகள் சேர்ந்து இயங்குவதால், கதவு சற்றே முன்னே நகர்ந்து கொண்டு திரும்புகிறது. இதனால்தான் பக்கத்தில் மற்றொரு கதவு நெருங்கி இருந்தாலும் இடிக்காமல் திறக்க முடிகிறது. உள்ளிருக்கும் வில் கதவை இறுதியில் தானாகவே இழுத்து மூடுகிறது.

இவற்றுள் மூன்று வகைகளை நாம் அறிந்திருக்க வேண்டும். கதவு பக்கப் பலகையின் முனையை ஏறக்குறைய முழுவதும் மூடினால் அது முழு மறைப்பு. நடுத்தடுப்பு ஒன்றை இரண்டு கதவுகள் பங்கிட்டுக் கொண்டு ஆளுக்குப் பாதி மூடினால் அது அரை மறைப்பு. கதவு பலகைகளுக்கு உள்ளே அடங்கி, முகப்பு சமமாக நின்றால் அது உள்ளடங்கிய கதவு. கிண்ணம் மூன்றுக்கும் ஒன்றே. வேறுபடுவது கையின் வளைவு. முழு மறைப்புக்குக் கை நேராக இருக்கும். அரை மறைப்புக்குச் சுமார் 8 அல்லது 9 மி.மீ. வளைந்திருக்கும். உள்ளடங்கிய கதவுக்கு 16 மி.மீ. அளவில் வளைந்திருக்கும். கடைக்காரர் ‘ஜீரோ கிராங்க், எட்டு கிராங்க், பதினாறு கிராங்க்’ என்று கேட்பதன் பொருள் இதுவே. என் மிஸ்திரி சொன்ன பாதி, இந்த அரை மறைப்பு.

இனி அளவைக் கணக்கிடுவோம். பக்கப் பலகையின் கனம் 18 மி.மீ. என்று கொள்வோம். வெளி ஓரத்தில் 2 மி.மீ. விட்டால் கதவு 16 மி.மீ. மூட வேண்டும், இது முழு மறைப்பு. நடுத்தடுப்பில் இரண்டு கதவுகளுக்கும் இடையே 3 மி.மீ. சந்து வேண்டும், எஞ்சிய 15 மி.மீ. இரண்டாகப் பிரிந்து, கதவொன்றுக்கு ஏழரை மி.மீ. ஆகிறது. அங்கு நேர்க்கை உள்ள கீலை மாட்டினால் கதவு எட்டு மி.மீ. அளவுக்கு மிஞ்சிச் செல்லும். திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யக் கூடியது இரண்டொரு மி.மீ. மட்டுமே. ஆகையால் தவறான கீலைத் திருகாணியால் திருத்த முடியாது.

கதவின் அகலத்தையும் இவ்வாறே காண வேண்டும். வெளி அகலம் 900 மி.மீ. உள்ள அலமாரிக்கு முழு மறைப்பில் இரட்டைக் கதவு என்றால், இரு ஓரத்திலும் 2 மி.மீ., நடுவில் 3 மி.மீ. கழித்து, எஞ்சிய 893-ஐ இரண்டால் வகுக்க வேண்டும். கதவு ஒன்றுக்கு 446.5 மி.மீ. அதே அலமாரியில் கதவு உள்ளடங்கி நிற்க வேண்டுமானால், உள் அகலம் 864. அதில் அதே இடைவெளிகளைக் கழித்தால் கதவு ஒன்றுக்கு 428.5 மி.மீ. ஆகவே கீலின் வகையை முடிவு செய்யாமல் பலகையை அறுக்கலாகாது.

கிண்ணத்தின் குழி பெரும்பாலும் 35 மி.மீ. விட்டமும் 12 முதல் 13 மி.மீ. ஆழமும் உடையது. குழிக்கும் கதவின் ஓரத்துக்கும் இடையே 3 முதல் 6 மி.மீ. வரை மரம் நிற்க வேண்டும். 5 மி.மீ. விட்டால் குழியின் மையம் ஓரத்திலிருந்து 22.5 மி.மீ. தொலைவில் அமையும். குழியை ஒரு மி.மீ. உள்ளே தள்ளினால் மறைப்பு ஒரு மி.மீ. கூடும், தகட்டின் உயரம் ஒரு மி.மீ. கூடினால் மறைப்பு அவ்வளவு குறையும். தகட்டின் திருகாணிகள் பொதுவாகப் பக்கப் பலகையின் முன் முனையிலிருந்து 37 மி.மீ. தள்ளி அமையும். உள்ளடங்கிய கதவானால் இதனோடு கதவின் கனத்தையும் கூட்டிக் கொள்ள வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். கிண்ணத்தின் திருகாணித் துளைகளுக்கு இடையேயான தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். ஆதலால் ஓர் அலமாரிக்கு ஒரே கம்பெனியின் கீல்களை வாங்குவது நலம்.

எத்தனை கீல்கள் என்பது கதவின் உயரத்தையும் எடையையும் பொறுத்தது. சுமார் 600 மி.மீ. அகலமுள்ள கதவுக்கு, 900 மி.மீ. உயரம் வரை இரண்டு, 1,600 வரை மூன்று, 2,000 வரை நான்கு, 2,400 வரை ஐந்து என்பது பொது விதி. 600-க்கு 2,000 மி.மீ. அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் கதவு சுமார் 14 கிலோ இருக்கும். அதன் மீது 4 மி.மீ. கண்ணாடியை முழுவதும் பதித்தால் மேலும் 12 கிலோ ஏறும். அப்போது விதியில் உள்ள எண்ணிக்கை போதாது. கூடுதல் கீலை மேற்பகுதியில் வைக்க வேண்டும். தொங்கும் கதவு பலகையைப் பிடித்து இழுப்பது அங்குதான்.

கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவான கீல் 95 முதல் 110 பாகை வரை திறக்கும். கதவுக்குப் பின்னே இழுப்பறை இருந்தால் 165 பாகை வகை தேவைப்படலாம். ‘ஹைட்ராலிக்’ என்று விற்கப்படுவது மெல்ல மூடும் வகை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் செலவழிக்கத் தக்கது.

இருக்கும் ஊரையும் கவனிக்க வேண்டும். மும்பை போன்ற கடற்கரை நகரங்களிலும், எங்கும் சமையலறைத் தொட்டியின் கீழும், துருப்பிடிக்காத எஃகுக் கீல் நல்லது. மரத்தூள் பலகை ஈரம் பட்டால் ஊறித் திருகாணியை விட்டுவிடும். தில்லியில் கோடையில் சுருங்கும் மரம் ஆவணியில் பருக்கும். ஆகவே உள்ளடங்கிய மரக் கதவுக்குச் சந்தைக் குறைத்து வைக்கக் கூடாது.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொள்ளுங்கள்: பக்கப் பலகையின் கனம், ஒவ்வொரு கதவும் மூட வேண்டிய அளவு, கதவின் உயரமும் எடையும், திறக்க வேண்டிய பாகை. ஒரு சிறு படமும் வரைந்து, தாளை முதலில் மிஸ்திரியிடம் காட்டுங்கள். மில்லிமீட்டருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

என் வீட்டில் அவர் மறுநாள் வந்து, தரையில் சாக்கட்டியால் அந்தப் படத்தை வரைந்து காட்டினார். அதன் பின்னரே எனக்கு விளங்கியது. நடுக்கதவுக்கு அரை மறைப்புக் கீல்கள் நான்கு வாங்கி வந்தேன். முன்பு தோண்டிய குழிகளே பொருந்தின. இரண்டு குழிகள் மட்டும் புதிதாகத் தோண்டினார். கதவுகள் மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. நிறுத்தி வைத்த கூலியையும், வீணான அந்த ஒரு நாளுக்கு உரியதையும் சேர்த்துக் கொடுத்து, தவறு என்னுடையது என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் பணத்தை எண்ணாமல் பையில் வைத்துக் கொண்டு, மேற்கீலின் திருகாணியை இன்னும் ஒரு முறை முறுக்கிவிட்டுச் சென்றார்.