பெருநாடி வளைவு வீக்கமும் கலப்புமுறைச் சிகிச்சையும்

இதயத்திலிருந்து மேலெழும் பெருநாடி, குடையின் கைப்பிடி போல வளைந்து முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. அந்த வளைவின் சுவர் நலிந்து உப்புவதே பெருநாடி வளைவு வீக்கம். திறந்த அறுவையையும் ஸ்டென்ட் கிராஃப்டையும் சேர்த்து இதைச் சரிசெய்வது கலப்புமுறைச் சிகிச்சை எனப்படுகிறது.

ஸ்டென்ட் கிராஃப்ட் என்பது உலோகக் கம்பி வலையில் துணி போர்த்திய குழாய். தொடைத் தமனி வழியே செலுத்தி வீக்கத்தினுள் விரித்தால், இரத்தம் குழாய்க்குள் ஓடும். நலிந்த சுவரில் அழுத்தம் குறையும். மார்புப் பெருநாடியில் இதை 1987இல் முதலில் செய்தவர் உக்ரைனின் கார்கிவ் நகர மருத்துவர் நிக்கொலாய் வொலோதோஸ். ஆனால் வளைவிலிருந்துதான் மூளைக்கும் கைகளுக்கும் மூன்று தமனிகள் பிரிகின்றன. துணி அவற்றின் வாயை மூடினால் பக்கவாதம் வரும்.

செஞ்சிப் பக்கத்து மாணவர்களுக்கு இதை ஏரிப் பாசனத்தால் விளக்கலாம். பழுதான வாய்க்காலை அடைக்குமுன் வயலுக்கு வேறு வாய்க்கால் வெட்டியாக வேண்டும். அதுபோல, மார்பைத் திறந்து, நலமாக உள்ள ஏறு பெருநாடியிலிருந்து செயற்கைக் குழாய்களைக் கிளைத் தமனிகளுக்கு இணைக்கிறார்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலும் இதைச் செய்துவிடலாம். பின்னர், அப்போதே அல்லது சில நாள் கழித்து, ஸ்டென்ட் கிராஃப்டை விரிக்கிறார்கள். வீக்கம் வளைவின் கடைசிப் பகுதியில் மட்டும் இருந்தால் கழுத்தில் இணைப்பு வைத்தாலே போதும். மார்பைத் திறக்க வேண்டியதில்லை.

முழுத் திறந்த அறுவையில் உடலைக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தி வளைவையே மாற்றுவார்கள். ராண்டல் கிரீப் 1975இல் வெளியிட்ட அனுபவத்துக்குப் பின் இம்முறை பரவியது. திடமான இளையோருக்கும், மார்பன் நோய் போன்ற பரம்பரைக் குறையுள்ளோருக்கும் இதுவே பொதுவாக ஏற்றது. முதியோர், நுரையீரல் நலிந்தோர் ஆகியோருக்கே கலப்புமுறை அதிகம் பயன்படுகிறது. அதிலும் பக்கவாதம், குழாயைச் சுற்றிக் கசிவு, ஏறு பெருநாடிச் சுவர் கிழிதல் ஆகிய ஆபத்துகள் உண்டு.

ஏறக்குறைய 3 செ.மீ. அகலமுள்ள வளைவு 5.5 செ.மீ.யை எட்டும்போது பொதுவாகச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. அதுவரை பலருக்கு வலியே இருக்காது. குரல்வளைக்குச் செல்லும் இடது நரம்பு இவ்வளைவைச் சுற்றிச் செல்வதால், அது நசுங்கிக் குரல் கரகரக்கலாம். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் 'கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது' என்று விட்டுவிடக்கூடிய அறிகுறி இது! சில வாரங்களாகியும் கரகரப்பு தீராவிட்டால், அதிலும் இரத்த அழுத்தமோ புகைப்பழக்கமோ உள்ளவர்கள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேனில் வீக்கம் தெளிவாகத் தெரியும். மார்பிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பது போன்ற வலி வந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

செஞ்சிக்கு அருகில் புதுச்சேரி ஜிப்மரிலும், தொலைவில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இரத்தநாள அறுவைத் துறைகள் உள்ளன. ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்கள், கசிவு இருக்கிறதா என்று பார்க்க, வாழ்நாள் முழுதும் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துவர வேண்டும்.