மில்டனைக் கறந்த கதை

பி.காம். படிக்கும்போது ஆங்கிலப் பாடத்தில் மில்டன் வந்தார். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நோட்ஸை உருப்போட்டு, மறுநாளே அவரை வழியனுப்பி வைத்துவிட்டேன். மனுஷர் பதினைந்து வருஷம் கழித்து, முகப்பேர் ஏரித் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து சேருவார் என்று யார் கண்டது?

வரவழைத்தவர் அப்பா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். க்ளாக்கோமா மெள்ள மெள்ளப் பார்வையைத் தின்றுவிட்டது. போனது திரும்பாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வராந்தா நாற்காலியே கதி. "நான் இனிமே செல்லாக் காசுடா" என்பார். என்ன பதில் சொல்வது? பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

மில்டன் 1608-ல் லண்டனில் பிறந்தவர். இங்கிலாந்து அரசாங்கத்துக்கு லத்தீனில் கடிதம் எழுதும் உத்தியோகம். 1652-க்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. வயது 43! 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் வேலை போச்சு; கொஞ்ச நாள் ஜெயில் வேறு. ஆனாலும் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை விடவில்லை. ராத்திரி மனசுக்குள் வரிகளைக் கட்டி வைப்பார். காலையில் யாராவது வந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆள் வரத் தாமதமானால், தன்னைக் கறக்க வேண்டும் என்று மடி கனத்த மாடு மாதிரி புலம்புவாராம்!

இப்படிச் சேர்ந்தது பத்தாயிரம் வரிக்கு மேல். 1667-ல் அச்சானபோது கைக்கு வந்தது 5 பவுண்டு. 1,300 பிரதி விற்றதும் இன்னொரு 5.

"பத்தே பவுண்டா? நஷ்டக் கணக்குடா!" அப்பாவுக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டார். "தமிழ்ல இருக்கா?"

இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே முதல் காண்டத்தை 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழாக்கினார் வெள்ளகால் ப.சுப்பிரமணிய முதலியார். அவருக்கு உத்தியோகம் கால்நடை மருத்துவத் துறையில். "சரியான ஆள்தான் கறந்திருக்கார்" என்று சிரித்தார் அப்பா. அவர் சிரித்து மாசக்கணக்காகியிருந்தது.

பார்வை போனதைப் பற்றி மில்டன் ஒரு சின்னக் கவிதையும் எழுதியிருக்கிறார். திறமை வீணாகிறதே என்ற ஆதங்கத்தில் ஆரம்பித்து, காத்திருப்பதும் ஊழியம்தான் என்ற தெளிவில் முடியும். சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காத்திருக்கிறது வேற, சும்மா கிடக்கிறது வேற. இல்லையாடா?" என்றார்.

அன்று சாயங்காலம் ஏழாவது படிக்கும் என் மகள் தனிவட்டிக் கணக்கோடு திண்டாடினாள். "நீ வாசி, நான் சொல்றேன்" என்றார். விடை நொடியில் வந்தது. "ஸ்டெப்ஸ் எழுதணும், தாத்தா!" "எழுதிக்கோ" என்று வரிவரியாகச் சொன்னார்.

இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் வருகிறார்கள். அப்பாவுக்குப் பார்வை திரும்பவில்லை. சில ராத்திரிகளில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆனால் சாயங்காலம் ஆறு மணி தாண்டியும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லையென்றால், வராந்தாவிலிருந்து குரல் வரும்:

"எங்கடா போனீங்க எல்லாரும்? வந்து கறங்கடா!"